யூப்பிட்டருக்கு வைத்த நேர்த்தி

சென்ற மாதம் யானா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்றபின் அருங்காட்சியகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் தொழில்நுட்பவியலாளர் அவர்.

"அந்தப் பலிபீடத்தைப் புது மண்டபத்துக்கு மாத்தப் போறம். நடுவில இருக்கிற ஒட்டுக்குச் சேதம் வராமல் எப்பிடித் தூக்கிறது? உங்களை விட்டால் கேக்க ஆளில்லை."

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. நேரில் போய்க் காட்டினேன். கல்லில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போயிற்று. எப்படித் தூக்குவது என்பதை யானாவுக்கு ஜெர்மனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் சேர்க்க முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். அங்கே ஜெர்மனில் பேசிய மனிதர்கள் இதில் எங்கள் தமிழில் பேசுவார்கள். என் நினைவில் அவர்களுடைய பேச்சு அப்படித்தான் தங்கியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்தவன். வந்த கதை பலர் சொன்ன கதைதான், அதை விட்டுவிடுகிறேன். சில காலம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு பட்டறையில் இரும்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்தது. பயிற்சி முடிந்து கை நன்றாகப் படிந்திருந்த நேரத்தில், மைன் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகம் காட்சிப் பொருட்களுக்கு இரும்புத் தாங்கிகள் செய்ய ஆள் தேடியது. தற்காலிக வேலை என்றுதான் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த நகரம் ஒரு காலத்தில் ரோமப் பேரரசின் எல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரோமர்களின் படைமுகாம், அந்தப் பக்கம் ஜெர்மானியக் குடிகள். முகாமின் மேல்தான் இன்றைய கடைத்தெருவும் தேவாலயமும் பேருந்து நிலையமும் நிற்கின்றன. எங்கே தோண்டினாலும் ஏதாவது வரும். படைமுகாம் என்றால் வாளும் ஈட்டியும் குவிந்து கிடக்கும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் நாளே ஆச்சரியம். எந்த அலுமாரியைத் திறந்தாலும் கடவுள்கள். விரல் நீள வெண்கலத் தெய்வங்கள், சிறகு முளைத்த வெற்றித் தேவதை, பலிபீடங்கள், பலிக்கு மாடு கொண்டுபோகும் காட்சி செதுக்கிய கற்கள். வாள்கள் ஒரு லாச்சிக்குள், ஒற்றை இழுப்பறைக்குள், அடங்கிவிட்டன.

"இவை சண்டை பிடிச்சவையோ, இல்லாட்டி கும்பிட்டுக்கொண்டே இருந்தவையோ?" என்று கேட்டேன்.

"அவைக்கு ரெண்டும் ஒரே வேலைதான்," என்றார் டொக்டர் பிராண்ட்.

டொக்டர் பிராண்ட் எங்கள் இயக்குநர். உயரமான பெண்மணி, குரல் மிகவும் மெல்லியது. கோபம் வந்தால் இன்னும் மெல்லியதாகிவிடும். அவர் கிசுகிசுக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம். பழைய பொருளொன்றின் பக்கத்தில் போகும்போது இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். விரல் நீட்டிக் காட்டுகிறவர் கடைசியில் தொட்டுவிடுவார் என்பது அவருடைய கணக்கு. வெண்கலச் சிலையொன்றை விளக்கவேண்டி வந்தாலும் முகத்தை உயர்த்தி நாடியால்தான் காட்டுவார்.

எதையும் தூக்குவதற்கு முன் அவருக்கு ஒரு முறை இருந்தது. எல்லோரும் பொருளைச் சுற்றி நிற்கவேண்டும். "என்ன பிழைக்கலாம்?" என்று கேட்பார், எது பிழையாகப் போகலாம் என்று. ஒவ்வொருவரும் ஒரு பதில் சொல்லவேண்டும். தூக்கும் பட்டி வழுக்கலாம், கதவு அகலம் போதாமல் வரலாம், எனக்குத் தும்மல் வரலாம், எதுவாயிருந்தாலும் சரி. ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக்கூடாது. ஆகவே கடைசியில் நிற்பவர்தான் உண்மையாக யோசிக்கவேண்டியவர். யாரும் சிரிக்கக்கூடாது. எல்லாம் கேட்டபின் "சரி" என்பார், அல்லது "இண்டைக்கு வேண்டாம்" என்பார். காரணம் சொல்லமாட்டார்.

இந்தச் சடங்கில் ஒவ்வொரு முறையும் ஆட்சேபம் சொல்கிறவர் லோரன்ஸ். பழைய பொருட்களைச் செப்பனிடும் நிபுணர், கைவேலையில் மன்னன், மனத்தளவில் எப்போதும் மழைக்காலம். ஒரு மண்சட்டியை மேசையிலிருந்து அலுமாரிக்கு மாற்றினாலும் "எனக்குப் பிடிக்கேல்லை" என்பார். சேர்ந்த புதிதில் நான் இதைக் கேலி செய்தேன்.

"ரோமத் தளபதி கோழியைக் கேட்டவன்," என்றார் டொக்டர் பிராண்ட். "நான் லோரன்ஸைக் கேக்கிறன். கோழியை விட அவர் பரவாயில்லை."

கோழி விஷயம் உண்மை. ரோமப் படையோடு கூண்டில் கோழிகளும் போகும். போருக்கு முன் கூண்டைத் திறந்து தீனி போடுவார்கள். பாய்ந்து வந்து, அலகிலிருந்து சிந்தச் சிந்தக் கொத்தினால் தெய்வங்கள் சம்மதம். கூண்டைவிட்டு வராமல் நின்றால் அன்றைக்குப் போர் இல்லை. ஒரு கடற்போருக்கு முன் கோழிகள் தீனியைத் தொடவில்லையாம். தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று தளபதி அவற்றைக் கடலில் வீசிவிட்டானாம். அந்தப் போரில் அவன் தோற்றதை ரோமர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை ஒரு கோடைவிழாவில் மக்களுக்குச் செய்துகாட்டுவதென்று முடிவாயிற்று. நகர மேயருக்குத் தளபதியின் சிவப்புப் போர்வை. பக்கத்துக் கிராமத்துப் பண்ணையிலிருந்து மூன்று கோழிகள். நான் ரோமப் பாணியில் ஒரு கூண்டு செய்தேன். எங்கள் வீடு அருங்காட்சியகத்துக்குப் பின்னாலேயே இருந்ததால், முதல் நாளே கோழிகள் எங்கள் தோட்டத்துக் கொட்டிலுக்கு வந்துவிட்டன. காலையில் தீனி போடக்கூடாது, பசியோடு இருந்தால்தான் மேயர் முன்னால் பாய்ந்து கொத்தும் என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

விழாத் திடல் நிறைய ஆட்கள். மேயர் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தானியத்தை வீசினார். கூண்டுக் கதவு திறந்தது. கோழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேயர் இன்னொரு பிடி வீசினார். ஒரு கோழி கழுத்தை உள்ளிழுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பெண் சிரிக்கத் தொடங்க, சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது. டொக்டர் பிராண்ட் ஒலிவாங்கியை வாங்கினார்.

"தெய்வங்கள் மறுத்திட்டினம். படை இண்டைக்குப் புறப்படாது. எல்லாரும் போய் சொசேஜ் சாப்பிடுங்கோ."

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். மலர் என் மனைவி. அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"விடிய எழும்பிப் பாக்க, மூண்டும் பசியோட என்னையே பாத்துக்கொண்டு நிண்டதுகள். ராத்திரிச் சோறு மிச்சம் கிடந்தது, போட்டிட்டன்."

"போடக்கூடாது எண்டு சொன்னவரெல்லோ?"

"உங்களுக்குத்தானே சொன்னவர். என்னட்டைச் சொல்லேல்லையே."

மறுநாள் டொக்டர் பிராண்டிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சட்டைப் பையில் கைகளை விட்டுக்கொண்டு விளக்கமும் தந்தார். அந்தக் காலத்திலேயே இதைப்பற்றிக் குறைபட்டவர்கள் இருந்தார்களாம். கோழியைக் கூண்டில் பட்டினி போட்டுவிட்டு, அது தின்னும்போது தெய்வம் சம்மதித்தது என்பதா என்று. "தளபதிக்குச் சண்டை வேணுமெண்டால் கோழியைப் பட்டினி போட்டால் சரி. உங்கட மனிசி சோறு போட்டுச் சண்டையை நிப்பாட்டியிருக்கிறா. வரலாற்றில இது அரிது."

அப்படித்தான் நான் இந்த விஷயங்களைக் கற்றேன், ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு கதையாக. படைப்பிரிவின் கொடிக்கம்பங்களுக்கென்று முகாமின் நடுவில் கோயில் அறை இருந்ததை, அந்தக் கம்பங்களின் மாதிரிகளை வார்த்தபோது அறிந்தேன். கிரேக்கர்கள் வென்ற இடத்திலேயே மரமொன்றில் எதிரியின் கவசத்தையும் தலைச்சீராவையும் ஆள்போல மாட்டித் தெய்வத்துக்கு விடுவார்கள் என்பதை, ஓக் மரத் துண்டொன்றில் அதைச் செய்தபோது. எனக்கு மிகவும் பிடித்தது, ரோமர்கள் ஒரு நகரத்தை முற்றுகையிட்டால் முதலில் அந்த நகரத்தின் தெய்வத்தையே அழைப்பார்கள் என்பது. அவர்களை விட்டு எங்களிடம் வா, ரோமில் இதைவிட நல்ல கோயில் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பார்களாம். இதை மலரிடம் சொன்னேன்.

"அப்ப அந்தக் கடவுளும் அகதியாப் போயிருக்கிறார்," என்றாள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி யானா கேட்ட பலிபீடத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. முதியோர் இல்லமொன்றுக்குப் புதுக் கட்டடம் எழுப்பத் தோண்டிய இடத்தில் ரோமர் காலத்துக் கிணறு ஒன்று வந்தது. கல் கட்டிய ஒடுங்கிய கிணறு. அடியில், சேற்றுக்குள் தலைகீழாக ஒரு பலிபீடம். மணற்கல், இடுப்பளவு உயரம். எழுத்துள்ள முகம் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்ததால் அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அகழ்வுக்குத் தந்திருந்த தவணை, நாங்கள் அதைத் தூக்க நின்ற அன்றோடு முடிகிறது. அதற்குமேல் ஒவ்வொரு நாளும் கட்டட வேலை தடைப்படும். கட்டட மேற்பார்வையாளர் கோல்ப் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று காலையிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் கடும் மழை என்று அறிவித்திருந்தார்கள். மழை வந்தால் கிணற்றுச் சுவர் இடிந்து எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

எங்கள் குழுவில் ஒல்லியான ஆள் நான். ஆகவே கிணற்றுக்குள் நின்று வேலை செய்வது நான் என்பதில் விவாதம் இருக்கவில்லை. தலைக்கவசம், இடுப்பில் கயிறு, மேலே முக்காலி நட்டு அதில் சங்கிலிக் கப்பி. கல்லைச் சுற்றியிருந்த சேற்றைக் கையாலும் மர அலகாலும் வழித்து வாளியில் அனுப்பினேன். இரும்புக் கருவி படக்கூடாது. ஈரத்தில் கிடந்த மணற்கல் காய்ந்தால் மேல்தோல் உதிரும், அதனால் வெளியே தெரிந்த பகுதிகளை நனைத்த துணியால் மூடிக்கொண்டே வந்தேன். பிறகு கம்பளித் துண்டு வைத்து, இரண்டு அகலப் பட்டிகளைச் சுற்றினேன். சேறு கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் கையளவு எழும்பும்வரை ஒருவர் கீழேயிருந்து அடிச் சேற்றை விலக்கவேண்டும் என்பது திட்டம். அதன்பின் நான் ஏறிவிட, கல்லை மேலே இழுப்பார்கள்.

ஏறி வந்து சேறு வழிய நின்றேன். எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றோம்.

"என்ன பிழைக்கலாம்?" என்றார் டொக்டர் பிராண்ட்.

கோல்பையும் விடவில்லை. "மழை வரலாம்," என்றார் அவர். கப்பிக்காரர் முக்காலியின் ஒரு கால் புதையலாம் என்றார். நான் பட்டி கீழே நழுவலாம் என்றேன். லோரன்ஸ் நான் இறங்குமுன் தானே இறங்கி, மரச்சுத்தியலால் கல்லைத் தட்டிப் பார்த்திருந்தார்.

"எனக்குப் பிடிக்கேல்லை," என்றார்.

கோல்ப் வானத்தைப் பார்த்தார். லோரன்ஸ் இதைச் சொல்லாத நாளே இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

"என்ன பிடிக்கேல்லை?" என்று கேட்டார் டொக்டர் பிராண்ட்.

"ஒரு பாதி மணி மாதிரிக் கேக்குது. மற்றப் பாதி செத்த சத்தம். தண்ணி ஊறினதாலையும் இருக்கலாம். வெடிப்பாயும் இருக்கலாம். சேறு மூடியிருக்கு, எது எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

டொக்டர் பிராண்ட் பதிலை யோசித்தபடி கிணற்று விளிம்பில் நின்றார். இரண்டு பக்கமும் இழப்பு இருந்தது. தூக்கினால் கல் உடையலாம். தூக்காமல் விட்டால் இரவில் சுவர் இடிந்து, எழுத்தோடு எல்லாம் புதைந்து போகலாம். அவர் என்னைப் பார்த்தார். கீழே நிற்கப்போவது நான் என்பதால் என்று நினைக்கிறேன். எனக்குத் தூக்குவோம் என்று சொல்ல ஆசையாகவும் இருந்தது, சொல்லாமல் இருக்கவும் ஆசையாக இருந்தது.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார்.

கோல்ப் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தூரப் போய்விட்டார். நாங்கள் கிணற்று வாயைப் பலகையாலும் தார்ப்பாயாலும் மூடி, உள்சுவருக்கு முட்டுக் கொடுத்தோம். முடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வேலைத்தளக் கொட்டகைக்குள் ஓடினோம். கோல்பும் நனைந்து வந்து சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் பிராண்ட் கோப்பி ஊற்றிக் கொடுத்து, ஸ்பார்ட்டர்களின் கதையைச் சொன்னார்.

பிளாட்டீயா என்ற இடத்தில் கிரேக்கர்கள் பாரசீகப் படையை எதிர்த்து நின்றார்கள். ஸ்பார்ட்டத் தளபதி ஆட்டை அறுத்துச் சகுனம் பார்த்தான். நல்லதாக வரவில்லை. எதிரியின் அம்புகள் விழத் தொடங்கிவிட்டன. படை கேடயத்துக்குப் பின்னால் குந்தியிருந்தது. மறுபடி ஓர் ஆடு, மறுபடி கெட்ட சகுனம். ஆட்கள் இருந்த இடத்திலேயே சாய்ந்தார்கள், யாரும் எழும்பவில்லை. தளபதி தெய்வத்தை மன்றாடினான். அதன்பின் சகுனம் நல்லதாக வந்தது. எழுந்து போனார்கள், வென்றார்கள்.

"சகுனம் தானாய் மாறினதோ," என்றார் கோல்ப், "இல்லாட்டி எதிரி கிட்ட வருமட்டும் அந்தாள் ஆடு வெட்டிக்கொண்டிருந்தவனோ?"

"அதைத்தான் நாங்கள் இண்டைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறம். ஆனா ஒண்டை யோசியுங்கோ. பக்கத்தில இருக்கிறவன் அம்பு பட்டு விழுறான். கொஞ்சம் பொறு எண்டு தளபதி தன்ர வாயால சொன்னால் எத்தினை பேர் பொறுத்திருப்பினம்? தெய்வம் சொன்னதாலதான் இருந்தவை."

கோல்ப் கோப்பியைக் குடித்து முடித்தார். "எனக்கு என்ர மேலிடத்துக்குச் சொல்ல ஒரு தெய்வமும் இல்லை," என்றார். ஆனால் அந்த முறை சிரித்தார். ஒரு நாள் கூடுதலாகவும் வாங்கித் தந்தார்.

காலையில் தார்ப்பாயை விலக்கினோம். சுவர் நின்றது. கிணற்றில் பாதிக்குத் தண்ணீர். அதை இறைத்து முடித்தபின் நான் இறங்கினேன். சுவர் இடுக்கால் வழிந்த மழைநீர், என் மர அலகு எட்டாத பக்கத்துச் சேற்றைக் கழுவிவிட்டிருந்தது. கல்லின் நடுவே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. விரல் நகத்தை வைத்தேன், உள்ளே போயிற்று. அது வெடிப்புக்கூட இல்லை. கல் ஏற்கெனவே இரண்டு துண்டு. சேறுதான் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பட்டியைச் சுற்றியிருந்தது மேல்துண்டில் மட்டும். முதல் நாள் இழுத்திருந்தால் அது பிரிந்து ஆடியிருக்கும், அந்த ஒடுக்கத்தில் எனக்கு ஒதுங்க இடமில்லை.

"என்ன தெரியுது?" என்று மேலிருந்து கேட்டார் டொக்டர் பிராண்ட்.

"லோரன்ஸைக் கூப்பிடுங்கோ," என்றேன். "அவருக்குப் பிடிக்காததைக் கண்டுபிடிச்சிட்டன்."

லோரன்ஸ் எட்டிப் பார்த்தார். வெற்றிப் பெருமிதம் ஏதும் இல்லை. "ஏறி வாங்கோ," என்று மட்டும் சொன்னார். ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அதன்பின் அவசரம் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் மரத்தொட்டில் செய்து, தனித்தனியாக எடுத்தோம். பட்டறையில் மென்மையான தூரிகையால் கழுவியபோது எழுத்துகள் வந்தன. முதல் வரியில் அனைத்திலும் சிறந்த, அனைத்திலும் பெரிய யூப்பிட்டருக்கு என்றிருந்தது, ரோமர்களின் தலைமைத் தெய்வத்துக்கு. இடையில் ஒரு படைவீரனின் பெயர் இருந்திருக்கவேண்டும். உடைவு அதைக் கொண்டுபோய்விட்டது. கடைசி வரியில் நான்கு எழுத்துகள் மட்டும், நான்கு சொற்களின் முதலெழுத்துகள். டொக்டர் பிராண்ட் பைக்குள் கைகளை வைத்துக்கொண்டு நாடியால் காட்டினார்.

"தான் சொன்ன வாக்கை மனமுவந்து, தகுதியானபடி நிறைவேற்றினான். அவங்கட கற்களில வழக்கமாய் வாற வசனம். போறதுக்கு முன்னம் ஆள் தெய்வத்தோட பேசியிருப்பான். என்னை உயிரோட கொண்டுவந்து சேர்த்தால் உனக்கு ஒரு பலிபீடம் எண்டு. வந்து சேர்ந்திட்டான், வைச்சிட்டான்."

"எங்கட ஆக்கள் இதுக்கு நேர்த்தி எண்டு சொல்லுவினம்," என்றேன். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் நேர்த்தி வைக்காத வீடு இல்லை என்றும் சொன்னேன்.

"நேர்-த்-தி," என்று அவர் சொல்லிப் பார்த்தார். காட்சிக்கான விளக்கப் பலகையில் அந்தச் சொல்லும் இருக்கவேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்த்தார். பிறகு அந்தக் கல் எப்படிக் கிணற்றுக்குள் போனது என்று கேட்டேன். முகாமை விட்டுப் போனவர்கள் ஒளித்தார்களா, பிடித்தவர்கள் வீசினார்களா, தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

கல்லை ஒட்டிக் காட்சிக்கு வைத்துச் சில வாரங்களில் காவலர் ஒரு பிரச்சினையோடு வந்தார். யாரோ அதன் காலடியில் ஒரு வெள்ளைப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. யாரென்று பார்த்தோம். வேபர் என்று ஒரு பெண்மணி, ஊரில் மருந்துக்கடையில் வேலை. மகன் ராணுவத்தில், நாட்டுக்கு வெளியே பணியில் இருந்தான்.

"என்ன பிழைக்கலாம்?" என்று எங்களைக் கேட்டார் டொக்டர் பிராண்ட்.

"பூவில பூச்சி வரும்," என்றார் லோரன்ஸ். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா விடலாம்," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, பூ நிற்க ஒரு சின்ன இரும்புத் தாங்கி செய்து வைத்தேன். அடுத்த முறை வந்தபோது வேபர் அதைக் கண்டு வெட்கப்பட்டார். "நான் தேவாலயத்துக்குக்கூடப் போறதில்லை. இங்க வந்து ஆரோடை பேசுறன் எண்டு எனக்கே தெரியாது. இந்த வீரர்கள் திரும்பி வந்தபிறகு வேற என்ன குடுத்தவங்கள்?"

"பெரிய ஆக்கள் எருது குடுத்தவை," என்றேன்.

"எருது," என்றார். பூவைத் தாங்கியில் வைத்தார். "சரி, பாப்பம்."

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு நாள் வேபர் வந்தார். பின்னால் ஒரு பெரிய தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உயரமான இளைஞன். தட்டம் நிறையச் சீஸ் கேக்.

"எருதுக்கு அனுமதி கிடைக்கேல்லை," என்றார் வேபர். "அதுக்குப் பதிலாய் இது காணுமோ?"

டொக்டர் பிராண்ட் அன்றைக்குத்தான் பையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து ஒருவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தேன். காவலர், லோரன்ஸ், அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பணியாளர் அறையில் கூடிவிட்டார்கள். மலரையும் கூப்பிட்டேன். நேர்த்தி நிறைவேற்றுகிற இடத்தில் அவள் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த இளைஞன் தட்டுகளைக் கழுவ வந்தான். அவன் கழுவ நான் துடைத்தேன்.

"அம்மா பூ வைச்சது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இண்டைக்குக் காரிலதான் சொன்னவ. முதல் சிரிப்பு வந்தது." அவன் ஒரு தட்டை அலசி நீட்டினான். "எங்கட வண்டியில முன்னுக்கு ஒரு சின்ன மரக்குதிரை கட்டியிருந்தது. எங்களோட இருந்த ஒருத்தன்ர மகளின்ரை. அதைத் தொடாமல் ஒருத்தரும் வெளிய போறதில்லை."

"நீங்கள் நம்பினனீங்களோ?"

"இல்லை. ஒருத்தரும் நம்பேல்லை." இன்னொரு தட்டைக் கழுவினான். "ஒரு நாள் அதைக் காணேல்லை. தேடி எடுக்குமட்டும் வண்டியை எடுக்கவேண்டாம் எண்டு சொன்னதே எங்கட கப்டன்தான்."

கடைசித் தட்டையும் தந்துவிட்டுக் கையைத் துடைத்தான். போவான் என்று பார்த்தேன், போகவில்லை.

"அந்தக் கல்லைத் தொடலாமோ?"

தொடவே கூடாது. வருடக்கணக்காக ஆயிரம் பேருக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த அறையில் டொக்டர் பிராண்ட் மலரிடம் இன்னொரு துண்டு கேக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் லாச்சியைத் திறந்து, அவன் கைக்கு அளவான கையுறை ஒரு சோடி தேடி எடுத்துக் கொடுத்தேன்.